பத்தொன்பது சென்டிமீட்டர் இடம்புரி

கடல் ஆராய்ச்சிக் கப்பலில் இடம் கேட்டுக் கணவன் மனைவி இருவருமே விண்ணப்பித்திருந்தார்கள். ஒரே சாப்பாட்டு மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து, ஒரே வார இறுதியில் தட்டச்சு செய்த விண்ணப்பங்கள். லோகப்பிரியாவின் ஆங்கிலத்தைத் திருத்திக் கொடுத்தது கிருபாசங்கர்தான். அவள் எழுதியிருந்த சப்பையான பத்தி ஒன்றை எடுத்துவிட்டு, ஆழ்கடல் மண்ணில் புதைந்திருக்கும் நுண்ணுயிர் ஓடுகளைப் பற்றி நாலு நல்ல வரிகளை அவனே எழுதிச் சேர்த்தான். தன் விண்ணப்பத்தில் அந்த மாதிரி எதையும் வைக்கவில்லை. தனக்குத் தேவைப்படாது என்று நினைத்தான்.

பதில் ஒரு புதன்கிழமை வந்தது. பெரியநாயக்கன்பாளையத்துக்குப் பக்கத்தில் ஒரு தனியார் கல்லூரியில் நிலவியல் கற்பிக்கும் கிருபாசங்கர், அன்று தேர்வறைக் கண்காணிப்பில் இருந்தான். உள்ளே செல்போன் கூடாது. ஒரு மணிக்கு வெளியே வந்து பார்த்தபோது அவனுக்கு ஒரு மெயில் இருந்தது. இம்முறை இடமளிக்க இயலவில்லை என்று இரண்டே வரி. மனைவியிடமிருந்து பதினொரு தவறிய அழைப்புகள் இருந்தன. அந்தப் பதினொன்றைப் பார்த்ததுமே அவனுக்குப் புரிந்துவிட்டது. குடிநீர்க் குழாயடிக்குப் போய் முகம் கழுவிவிட்டுத்தான் கூப்பிட்டான்.

"ஏனுங்க, உங்களுக்கும் மெயில் வந்துருச்சுங்களா?" என்றாள் லோகப்பிரியா, எடுத்த எடுப்பிலேயே.

"வந்துச்சு. எனக்கு இல்லைன்னுட்டாங்க. உனக்கு?"

 ஏதோ பாத்திரத்தைக் கை தவறிப் போட்டு உடைத்தவளைப் போல, "எனக்குக் கெடச்சிருக்குதுங்க" என்றாள்.

"சந்தோசம் அம்மணி. நெம்ப சந்தோசம்." செல்லமாகக் கூப்பிடும்போது அவளை அவன் அம்மணி என்பான்.

அன்று பொழுதோடு வீட்டுக்கு வரும்போது பேக்கரியில் தேங்காய் பன் வாங்கி வந்தான். அவள் அதைப் பிட்டு முதல் துண்டை அவனுக்குக் கொடுத்தாள். "நீங்க எழுதிக் குடுத்தீங்களே அந்த நாலு வரி, அதனாலதானுங்க எடுத்திருக்காங்க. எனக்குத் தெரியாதுங்களா?" என்றாள். நன்றியோடு சொன்னதுதான். அவன் அந்தத் துண்டைத் தட்டோரமாக வைத்துவிட்டான். தன் வரிகள் தன்னைக் கரையில் விட்டுவிட்டு அவளைக் கப்பலேற்றிவிட்டன என்று தோன்றியது. அன்று உள்ளே புகுந்த எரிச்சல் பிறகு ஒரு நாளும் முழுதாக அணையவில்லை.

இருவரும் ஒரே துறையில் படித்தவர்கள். அவன் நாலு வருடம் மூத்தவன். கடலின் மேல்மட்டத்தில் மிதந்து வாழும் ஒற்றைச் செல் உயிர்கள் செத்ததும், அவற்றின் சுண்ணாம்பு ஓடுகள் மெல்ல இறங்கி அடியில் படியும். லட்சக்கணக்கான வருடங்கள் அப்படிப் படிந்த மண்ணை நீளமான குழாய் இறக்கி உருளையாக எடுத்தால், மேலிருந்து கீழே போகப் போக வயது கூடும். எந்த ஆழத்தில் எந்த ஓடு மிகுந்தது, எது காணாமல் போனது என்று எண்ணினால் அந்தக் காலத்துக் கடல் சூடா குளிரா என்று சொல்லிவிடலாம். மண்ணைச் சல்லடையில் அலசி உலர்த்தி, மைக்ராஸ்கோப்புக்குக் கீழே ஈரமான பிரஷ் முனையால் ஓடுகளை ஒவ்வொன்றாகத் தொட்டெடுத்து ஸ்லைடில் ஒட்ட வேண்டும். மணல் துகளைவிடச் சின்னவை. இந்த வேலையில் கிருபாசங்கருக்கு நிகர் கிடையாது என்று வகுப்பே சொல்லும். அவன் கண்ணுக்குத் தப்பியது எதுவுமில்லை. மற்றவர்கள் புத்தகத்தைப் புரட்டும் நேரத்தில் அவன் பெயரைச் சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவான்.

லோகப்பிரியா மெதுவானவள். கல்யாணமான மறுவருடம், ஈரோட்டில் மஞ்சள் மண்டி வைத்திருந்த அவள் அப்பா லட்சுமணசாமி பக்கவாதத்தில் விழுந்தார். ஆய்வைப் பாதியில் நிறுத்திவிட்டு ஐந்து வருடம் அவரைப் பார்த்துக்கொண்டாள். அவர் போன பிறகு முப்பத்தைந்து வயதில், உக்கடம் குளத்தைத் தாண்டி இருக்கும் ஓர் ஆய்வு நிறுவனத்தில் பேராசிரியர் ஞானாபரணத்தின் லேபில் மீண்டும் சேர்ந்தாள். அதற்குள் கிருபாசங்கர் முனைவர் பட்டம் வாங்கி, வேலையிலும் அமர்ந்துவிட்டான். அவள் சந்தேகம் கேட்பாள், அவன் சொல்வான். அந்த ஏற்பாடு அவனுக்குப் பிடித்திருந்தது. எவ்வளவு பிடித்திருந்தது என்பது அது குலைந்தபோதுதான் தெரிந்தது.

ஐம்பத்தெட்டு நாள் அவள் இந்தியப் பெருங்கடலில் இருந்தாள். ஆரஞ்சு நிறத் தலைக்கவசம் போட்டுக்கொண்டு, சேறு வழியும் குழாய்க்குப் பக்கத்தில் பல்லெல்லாம் தெரியச் சிரிக்கும் படங்களை அனுப்பினாள். சொந்தக்காரர்கள் வாட்ஸ்அப் குழுவில் கைதட்டினார்கள். கல்லூரி ஆண்டு விழாவில் முதல்வர் சிறப்பு விருந்தினரிடம் இவனை அறிமுகப்படுத்தும்போது, "கப்பல்ல ஆராய்ச்சிக்குப் போயிருக்காங்கன்னு பேப்பர்ல வந்துச்சுங்களே, அந்த மேடம் ஊட்டுக்காரருங்க" என்றார். பதிமூன்று வருடச் சர்வீஸில் அவன் ஒரு சிறப்பு விருந்தினரின் கவனத்தைப் பெற்றது அந்த ஒரு வாக்கியத்தால்தான்.

பம்ப் மோட்டார் பட்டறை வைத்திருக்கும் பங்காளி குமாரசாமி ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து உட்கார்ந்தான். சுற்றி வளைத்துப் பேசிவிட்டுக் கடைசியில் விஷயத்துக்கு வந்தான்.

"ஏம்ப்பா, ரெண்டு மாசம். அத்தன ஆம்பளைங்க இருக்கற கப்பலு. உனக்கு ஒண்ணும் தோணலியா?"

கிருபாசங்கர் தலையைக் குனிந்துகொண்டான். குமாரசாமி அதை வேறு விதமாக எடுத்துக்கொண்டு அவன் தோளைத் தட்டினான். இவனும் அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டான். மனைவியைச் சந்தேகப்படும் புருஷன் என்று பெயர் வாங்குவதுகூட அவனுக்கு அந்த நேரத்தில் மேலாகத் தெரிந்தது. உண்மை அதைவிடச் சின்னதாக, சொல்லக் கூசும்படி இருந்தது. அங்கே கப்பலில் அவளோடு யார் இருந்தார்கள் என்பது அவனுக்கு ஒரு பொருட்டே இல்லை. அந்தத் தலைக்கவசம் அவன் தலையில் இல்லையே என்பதுதான் அவனை அரித்தது.

லோகப்பிரியா கறுத்துப் போய்த் திரும்பி வந்தாள். அவள் பங்குக்குக் கிடைத்த மண் மாதிரிகள் இரண்டு மாதம் கழித்துப் பெட்டி பெட்டியாக லேபுக்கு வந்து சேர்ந்தன. உருளையில் ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் ஒரு மாதிரி கேட்டு வாங்கியிருந்தாள்.

"ஒவ்வொரு சென்டிமீட்டரா? நீ கெழவியாகற வரைக்கும் எண்ணிக்கிட்டே இருக்கணும். நானெல்லாம் முப்பதுக்கு ஒண்ணுதான் எடுத்தேன். அதுலயே பட்டம் குடுத்துட்டாங்க" என்று சிரித்தான் அவன்.

"நான் உங்களாட்டம் வெசையாப் பாக்கறவ இல்லீங்களே. நெருக்கமா இருந்தாத்தான் எனக்குப் புரியும்" என்றாள்.

அடுத்த ஆடியில் ஒரு நாள் பஸ்ஸிலிருந்து இறங்கி ஓட்டமும் நடையுமாக வீட்டுக்கு வந்தாள். செருப்பைக் கழற்றக்கூட இல்லை. "ஏனுங்க, இதைப் பாருங்களேன்" என்று செல்போனை நீட்டினாள். நுண்ணுயிர் ஓடுகளிலும் சங்கைப் போல வலம்புரி, இடம்புரி உண்டு. ஒரு குறிப்பிட்ட இனம், அவள் எடுத்த உருளை முழுக்க வலப்பக்கமாகத்தான் சுருண்டிருந்தது. நடுவில் ஓரிடத்தில் மட்டும், பத்தொன்பது சென்டிமீட்டர் கனத்துக்கு, திடீரென்று எல்லாம் இடப்பக்கமாகத் திரும்பியிருந்தன. அதற்கு மேலே மறுபடியும் வலம். அந்தக் கடலில் அந்தக் காலத்தில் இப்படி ஒரு திருப்பம் இருந்ததாக யாரும் எழுதியதில்லை. கடல் சூட்டில் ஏதோ பெரிய மாற்றம் வந்து போயிருக்க வேண்டும் என்றாள். பேசப் பேச அவள் குரல் உயர்ந்துகொண்டே போனது.

கிருபாசங்கர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தான். அவனுடைய பட்ட ஆய்வும் அதே கடலின் மண்தான், அதே வயதுதான். அவன் அலமாரியில் தடித்த அட்டையோடு நிற்கும் அந்த ஆய்வேட்டில் இந்தப் பத்தொன்பது சென்டிமீட்டர் எங்கே போனது என்று மனக்கணக்குப் போட்டான். அவன் எடுத்த இரண்டு மாதிரிகளுக்கு நடுவே, முப்பது சென்டிமீட்டர் இடைவெளிக்குள், அது சத்தமில்லாமல் விழுந்து கிடந்திருக்கிறது. ஊரே மெச்சிய கண்ணுக்கு அது தட்டுப்படவே வழியில்லை. மெதுவானவளின் கையில் வந்து மாட்டியிருக்கிறது.

"நல்லா இருக்குது. ஆனா அவசரப்படாத" என்றான்.

அவசரப்படவில்லை அவள். முறைப்படி இன்னொருவர் எந்த ஸ்லைடு எந்த ஆழம் என்று தெரியாமல் தனியாக எண்ணிப் பார்க்க வேண்டும். லேபில் இளம் ஆய்வாளராக இருந்த ஷைலா நாற்பது ஸ்லைடுகளை எடுத்து, ஆழத்தை மறைத்து, குலுக்கிப் போட்ட எண்களை ஒட்டிக் கொடுத்தாள். ஒவ்வொன்றிலும் நூறு ஓடு. எண்ணுவதற்கு யாரைக் கேட்கலாம் என்று பேச்சு வந்தபோது, லோகப்பிரியா ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "எங்க ஊட்டுக்காரர்தானுங்க சார். அவர் கண்ணு தப்பாது" என்று ஞானாபரணத்திடம் சொல்லிவிட்டு, ஸ்லைடு பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸேறி வந்தாள்.

சனிக்கிழமை காலை அவள் ஈரோட்டுக்கு ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தாள். கிருபாசங்கர் ஜன்னலோரம் தன் பழைய மைக்ராஸ்கோப்பை வைத்து உட்கார்ந்தான். முதல் ஸ்லைடில் எல்லாம் வலம். இரண்டாவதும் வலம். மூன்றாவதைத் தள்ளிக் கூர்மைப்படுத்தி எண்ணியவன், மறுபடியும் முதலிலிருந்து எண்ணினான். நூறில் தொண்ணூற்று மூன்று இடம்புரி. ஒரே திசையில் தலை திருப்பிய கூட்டம்போல வரிசையாக இருந்தன. ஒரு கணம், சுத்தமான சந்தோஷம் மட்டும் இருந்தது. யாருடையது, யார் கண்டது என்ற எண்ணமே இல்லாத சந்தோஷம். நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்தே விட்டான். யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று வாய் துடித்தது.

சொல்ல வேண்டியவள் யார் என்று நினைவு வந்ததும் அந்தச் சந்தோஷம் அப்படியே புளித்துப் போனது.

உட்கார்ந்தான். பேனாவை எடுத்தான். தொண்ணூற்று மூன்று என்று எழுத வேண்டிய இடத்தில் ஐம்பத்தெட்டு என்று எழுதினான்.

ஒன்றை எழுதிய பிறகு மற்றவை எளிதாக வந்தன. இடம்புரி மிகுந்த பத்தொன்பது ஸ்லைடுகளிலும் பாதிக்குப் பாதி வரும்படி எண்களை இறக்கினான். மற்ற இருபத்தொன்றிலும் அங்கங்கே இருபது, முப்பது என்று இடம்புரியைத் தூவினான். எல்லாம் கலங்கலாக, ஒன்றும் தேறாத மாதிரி இருக்க வேண்டும். எப்படிச் செய்தால் சந்தேகம் வராது என்று அவனுக்கு நன்றாகத் தெரியும். நல்ல கணக்கு எப்படி இருக்கும் என்று இருபது வருடம் பழகியவனுக்குப் பொய்க் கணக்கு போடுவது கஷ்டமா? மத்தியானத்துக்குள் முடித்துவிட்டான். கை கழுவிவிட்டுச் சாப்பிட்டான். நன்றாகவே சாப்பிட்டான் என்பது பிற்பாடு நினைக்கும்போதெல்லாம் அவனுக்கு வெட்கத்தைத் தந்தது.

அவன் எதிர்பார்த்தது ஒரு சண்டை. நீங்க தப்பா எண்ணியிருக்கீங்க என்று அவள் சொல்வாள், இவன் விட்டுக்கொடுக்காமல் நிற்பான், இழுபறியாகும் என்று நினைத்திருந்தான். அவளோ தாளை வாங்கிப் பார்த்தாள். ஷைலா வைத்திருந்த ஆழப் பட்டியலோடு மறுநாள் லேபில் ஒப்பிட்டாள். பொழுதோடு வந்து, "நான்தானுங்க தப்பு" என்றாள்.

"எப்படி?"

"உங்க கணக்குல திருப்பமே இல்லீங்க. எனக்கு அது வேணும்னு நெனச்சுட்டே பாத்திருக்கேன் போல. அதான் வேணுங்கறது கண்ணுக்குத் தெரிஞ்சிருக்குது." கொஞ்சம் சிரிக்கப் பார்த்தாள். "வெளிநாட்டுக் கருத்தரங்குக்குன்னு அனுப்பியிருந்த கட்டுரைய வாபஸ் வாங்கிட்டேனுங்க. சார் கூட வேண்டாம், பொறுன்னாரு. நான்தான் எழுதிப்போட்டேன்."

அவன் எதுவும் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம். அந்தக் கடிதம் போய் ஒரு நாள்கூட ஆகவில்லை, திரும்பப் பெற்றிருக்கலாம்.  ஒரு வாரத்தில் அவளுடைய இடம் வேறொருவருக்குப் போய்விட்டது.

அதோடு விட்டாளா என்றால் அதுவும் இல்லை. அத்தனை ஸ்லைடுகளையும் முதலிலிருந்து எண்ண ஆரம்பித்தாள். எங்கே தவறினேன் என்று தெரியாமல் அடுத்ததைத் தொட மாட்டேன் என்றாள். விடிந்ததும் முதல் பஸ்ஸுக்குப் போவாள். திரும்பி வரும்போது கண் சிவந்திருக்கும். பன்னிரண்டு நாள் கழித்து, புதிய கணக்கும் பழைய கணக்கைப் போலவே வந்தது என்றாள். அப்படிச் சொன்னபோது அவள் முகத்தில் வெற்றி இல்லை, குழப்பம்தான் இருந்தது. பையிலிருந்து ஒரு ஸ்லைடை எடுத்து மைக்ராஸ்கோப்பில் வைத்தாள்.

"ஒண்ணே ஒண்ணு பாத்துச் சொல்லுங்க. நடு வரிசையில மூணாவது. எந்தப் பக்கம்ங்க?"

இடம்புரி. பச்சைக் குழந்தைகூடச் சொல்லிவிடும். கிருபாசங்கர் குனிந்து பார்த்தான், நிமிர்ந்தான், மறுபடியும் குனிந்தான். "செரியாப் புடிபடல, லோகு. மங்கலா இருக்குது" என்றான்.

அவள் அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு மெதுவாக அவன் நெற்றியில் கை வைத்தாள், காய்ச்சல் பார்ப்பதுபோல. "எத்தன நாளா இப்படி இருக்குதுங்க?" என்றாள். அந்தக் கேள்வியில் சந்தேகத்தின் நிழல்கூட இல்லை. அவன் பொய் சொல்லக்கூடும் என்பது அவள் மனதுக்கு எட்டவே இல்லை. கண் கெட்டுவிட்டது என்று முடிவு செய்துவிட்டாள்.

வியாழக்கிழமை அவளே விடுப்புப் போட்டு, நகரத்துக் கண் ஆஸ்பத்திரி ஒன்றுக்கு அவனை ஸ்கூட்டியில் பின்னால் உட்காரவைத்துக் கூட்டிப்போனாள். மறுத்துப் பார்த்தான். "ஒண்ணும் பேசாதீங்க" என்றுவிட்டாள். நர்ஸ் எழுத்துப் பலகையைப் படிக்கச் சொன்னாள். கடைசி வரியில் இரண்டெழுத்தை வேண்டுமென்றே தப்பாகப் படித்தான். அந்தப் பொய்யும் சேர்ந்துகொண்டது. பிறகு கண்ணை விரிய வைக்கும் சொட்டு மருந்து விட்டு, முக்கால் மணி நேரம் கண்ணை மூடிக்கொண்டு உட்காரச் சொன்னார்கள்.

நீளமான கூடத்தில் நாற்பது ஐம்பது பேர் வரிசையாகக் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார்கள். அவன் பக்கத்தில் லோகப்பிரியா. கன்னத்தில் வழிந்த மருந்தைப் பஞ்சால் துடைத்துவிட்டாள்.

"எரியுதுங்களா?"

"இல்ல."

"என்ற தப்புதானுங்க" என்றாள்.  "படிச்ச காலத்துல இருந்து என்ற ஸ்லைடெல்லாம் நீங்கதான் சரிபாத்துக் குடுத்தீங்க. உங்க வேலையும் பாத்துட்டு எனக்கும் பாத்தீங்க. கண்ணு கெட்டுப்போச்சுன்னா அது என்னாலதான். நான் கடல்ல சிரிச்சுட்டு நிக்கறப்ப, நீங்க இங்க தனியா உக்காந்து..."

"லோகு, போதும்."

"உங்க கண்ணு செரியாகலைன்னா எனக்கு அந்தப் பத்தொன்பது சென்டிமீட்டரே வேண்டாமுங்க."

மூடிய இமைக்குள் எல்லாம் சிவப்பாக இருந்தது. அவள் முகம் தெரிந்திருந்தால் அவனால் சொல்லியிருக்க முடியாது.

"என்ற கண்ணுக்கு ஒண்ணுமில்ல" என்றான். "நான் செரியாத்தான் எண்ணுனேன். எழுதறப்பத்தான் மாத்தி எழுதுனேன்."

பஞ்சு பிடித்த கை அவன் கன்னத்தில் அப்படியே நின்றது.

"என்னுங்க சொல்றீங்க?"

"பத்தொன்பதும் இடம்புரிதான். நீ பாத்தது அத்தனையும் செரி. எனக்குப் பொறுக்கல. கப்பலு உனக்குக் கெடச்சது பொறுக்கல. இது உன்ற கைல வந்தது அதவிடப் பொறுக்கல. அதனால வேணும்னே பண்ணிப்போட்டேன்."

கை விலகியது. நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. அவள் எழுந்து போய்விட்டாளா, நிற்கிறாளா என்று தெரியவில்லை. கண்ணைத் திறந்தான். கூடம் முழுக்க வெளிச்சம் கரைந்து ஓடியது. எதிரே சேலை நிறத்தில் ஏதோ அசையாமல் நின்றது, அவ்வளவுதான் தெரிந்தது.

"கண்ண மூடுங்க" என்றாள் அந்த உருவம். "மூடித்தான் இருக்கோணும்னு சொல்லியிருக்காங்க."

பெயர் கூப்பிட்டார்கள். அவள் அவன் முழங்கையைப் பிடித்து உள்ளே கொண்டுபோய் உட்காரவைத்தாள். டாக்டர் விளக்கை அடித்து அடித்துப் பார்த்துவிட்டு, "நாப்பத்திரண்டு வயசுல இவ்வளவு நல்ல கண்ணை நான் பார்த்ததே இல்ல. எதுக்கு வந்தீங்க?" என்றார். லோகப்பிரியா ஃபைலை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் அவள் பேசினாள். அழவில்லை. "பன்னெண்டு நாளு. நான் விடிய விடிய எந்திருச்சுப் போனனே, பாத்துக்கிட்டுத்தான இருந்தீங்க? டீ வேற போட்டுக் குடுத்தீங்க."

"ஆமா."

"சாருகிட்ட நீங்களே போய்ச் சொல்லுங்க. நான் சொல்ல மாட்டேனுங்க."

கோபத்திலும் அந்த 'ங்க' போகவில்லை. அடுத்து வந்த வாரங்களில் அதுதான் அவனைக் கொன்றது. சாப்பாடு எடுத்து வெச்சிருக்குதுங்க, கேஸ் வந்துச்சுங்க, கதவச் சாத்திக்கங்க. ஒரு வார்த்தை கூடவோ குறையவோ இல்லை, லாட்ஜில் தங்க வந்தவனிடம் பேசுவதுபோல.

ஆஸ்பத்திரிக்குப் போய் வந்த மறுநாளே அவன் உக்கடத்துக்குப் போனான். ஞானாபரணம் அறுபதை நெருங்கியவர், சத்தம் போட்டுப் பேசத் தெரியாதவர். கதவைச் சாத்தச் சொல்லி எல்லாவற்றையும் கேட்டார். கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"ஏன் கிருபா?"

"பொறாமைங்க சார்."

 "இந்த ரூம்ல தப்பான கணக்குக்கு எத்தனையோ காரணம் கேட்டிருக்கேன். கரண்ட் போச்சு, லேபிள் மாறிப் போச்சு, தூங்கிட்டேன் சார், எல்லாம். இதை யாரும் சொன்னதில்ல. ஆனா எவ்வளவு பேருக்கு இதுதான் காரணமோ, கர்த்தருக்குத்தான் வெளிச்சம்" என்றார். பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "சொன்னதுக்கு நன்றி. ஆனா இனிமே இந்த லேப்லேருந்து ஒரு ஸ்லைடும் உங்க கைக்கு வராது. உங்க காலேஜுக்கு நான் எழுதப் போறதில்ல. நம்ம கூட்டு வேலை ரெண்டும் இன்னியோட சரி."

கிருபாசங்கர் தலையாட்டினான். பத்து வருடமாக வந்து போன லேப் அது. வெளியே வரும்போது, சல்லடை அலசிக்கொண்டிருந்த ஷைலா வழக்கம்போல "வாங்க சார்" என்றாள். அவளுக்கு இன்னும் தெரியாது. இன்றைக்குள் தெரிந்துவிடும்.

நாற்பது ஸ்லைடுகளுக்கும் லேபில் வேறொருவரைப் புது எண்கள் ஒட்டச் சொல்லி வாங்கி, இம்முறை ஷைலாவே எண்ணினாள். அவள் கணக்கு லோகப்பிரியாவின் கணக்கோடு நூற்றுக்கு இரண்டு மூன்றுக்கு மேல் வேறுபடவில்லை. வெளிநாட்டுக் கருத்தரங்கு கைவிட்டுப் போனது போனதுதான். மார்கழியில் அவர்கள் நிறுவனத்திலேயே ஒரு கூட்டம் வைத்தார்கள். சென்னையிலிருந்தும் கொச்சியிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். அழைப்பிதழைச் சாப்பாட்டு மேசையில் வைத்துவிட்டு, "வர்றதுன்னா வாங்க" என்று மட்டும் சொன்னாள் லோகப்பிரியா.

போனான். கடைசிக்கு முந்தின வரிசையில் உட்கார்ந்தான். அவள் மேடையேறி ஆங்கிலத்தில் பேச ஆரம்பித்ததும், அவன் காது தன்னையறியாமல் பிழை தேடியது. இரண்டு பிழை கிடைத்தது. கூடத்தில் ஒருவரும் அதைக் கண்டுகொண்டதாகத் தெரியவில்லை. எல்லாரும் திரையையே பார்த்திருந்தார்கள். வலம் என்று நிமிர்ந்து நின்ற கோடு ஓரிடத்தில் சடாரென்று சாய்ந்து, பத்தொன்பது சென்டிமீட்டர் கழித்து மீண்டும் நிமிர்ந்தது. அவன் ஆய்வேட்டின் மாதிரிகள் அந்தச் சாய்வுக்கு மேலும் கீழுமாக எங்கே விழும் என்று அவனால் விரல் வைத்துக் காட்ட முடியும். பழைய எரிச்சல் எழுந்தது. செய்ததற்கு வெட்கப்பட்டால் அது போய்விடும் என்று நினைத்திருந்தான். வெட்கம் ஒரு பக்கம் இருந்தது, அது ஒரு பக்கம் இருந்தது.

பேச்சு முடிந்ததும் கொச்சியிலிருந்து வந்த அம்மா ஒருவர் எழுந்து, வேறு யாராவது எண்ணிச் சரிபார்த்தார்களா என்று கேட்டார். லோகப்பிரியா தண்ணீர் பாட்டிலைத் திறந்தாள், குடிக்காமல் மூடினாள்.

"முதலில் ஒருவர் எண்ணினார். அந்தக் கணக்கை நாங்கள் எடுத்துக்கொள்ளவில்லை. பிறகு ஷைலா எண்ணினார்" என்றாள். அவள் கண் கூட்டத்தில் எந்தப் பக்கமும் திரும்பவில்லை. கேட்ட அம்மா தலையாட்டி உட்கார்ந்துவிட்டார். அடுத்த கேள்வி வேறெதையோ பற்றி.

ஒருவர். கிருபாசங்கர் அந்தச் சொல்லோடு உட்கார்ந்திருந்தான். பெயரைச் சொல்லியிருந்தால் எழுந்து வெளியே போயிருப்பான். சொல்லவில்லை. அதற்காக நன்றி சொல்லவும் அவனுக்கு முகமில்லை.

திரும்பும்போது பஸ்ஸில் கூட்டம். காந்திபுரம் தாண்டித்தான் சேர்ந்து உட்கார இடம் கிடைத்தது. ஜன்னலோரம் அவள். சுருட்டிய போஸ்டர் ஒன்று அவள் மடியில் நெட்டுக்குத்தாக நின்றது. பஸ் கவுண்டம்பாளையத்தைத் தாண்டியது.

"உக்காந்திருந்தப்ப எப்படிங்க இருந்துச்சு?" என்றாள் திடீரென்று, வெளியே பார்த்தபடியே.

அவன் யோசித்தான். நல்ல பதில்கள் சில நாக்கு நுனிக்கு வந்தன. பெருமையாக இருந்தது என்று சொல்லலாம். அதுவும் கொஞ்சம் உண்மைதான்.

"எரிஞ்சுது" என்றான்.

"இன்னுமா?"

"இன்னும்தான். கொறையும்னு நெனச்சேன். கொறையல."

அவள் அவன் பக்கம் திரும்பினாள். ஆஸ்பத்திரிக்குப் பிறகு அவனை நேராகப் பார்ப்பது அதுதான் முதல் முறை. வருத்தமா, கோபமா, அவனால் சொல்ல முடியவில்லை.

"செரி" என்றாள். "எரிஞ்சா சொல்லிப்போடுங்க. சொல்லாம வெச்சுக்கிட்டு எனக்கு டீ போட்டுக் குடுக்காதீங்க."

"செரி, அம்மணி."

"அம்மணின்னு கூப்பிடறதுக்கு இன்னும் நாளாகும்ங்க."

 துடியலூரில் பஸ் நின்று நிறையப் பேர் ஏறினார்கள். நின்றிருந்தவர்களின் பைகள் போஸ்டரில் இடித்தன. லோகப்பிரியா அதை எடுத்து அவன் மடிக்குக் குறுக்கே வைத்து, "மடங்காமப் புடிச்சுக்குங்க" என்றாள். பிறகு ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டாள். அவன் இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டான்.